மணிக்கட்டில் துடிப்பது எது? இரத்தக் குழாய்ச் சுவரும் அதன் மீள்தன்மையும்

கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தினால் நாடி துடிப்பது தெரியும். இதயம் அப்போதுதான் தள்ளிவிட்ட இரத்தம் அங்கே வந்து சேர்கிறது, அதைத்தான் தொடுகிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒத்துவராது. இதயத்திலிருந்து கிளம்பும் முதன்மைக் குழாயான பெருந்தமனியிலேயே இரத்தத்தின் சராசரி வேகம் வினாடிக்கு 20 செ.மீ. அளவுதான். இதயத்திலிருந்து மணிக்கட்டு வரை முக்கால் மீட்டர் தூரம். அந்த வேகத்தில் வந்தால் கிட்டத்தட்ட நாலு வினாடி ஆகும். ஆனால் இதயம் சுருங்கி 0.2 வினாடி கூட ஆவதற்குள் நாடி துடிக்கத் தொடங்கிவிடுகிறது.

விரலில் படுவது ஓர் அலை. இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனியின் தொடக்கப் பகுதி சற்றே உப்புகிறது. அந்த உப்பல் அடுத்த பகுதிக்கு, அதிலிருந்து அதற்கடுத்த பகுதிக்கு என்று சுவர் வழியாகவே ஓடி வருகிறது. இளவயதினரின் பெருந்தமனியில் இந்த அலையின் வேகம் வினாடிக்கு 5 முதல் 6 மீட்டர். சுவர் விறைக்க விறைக்க வேகம் கூடும். கொஞ்சமும் விரியாத இரும்புக் குழாயாக இருந்தால் வினாடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் போகும். ஆக, நாடி என்பதே குழாயின் சுவர் விரிந்து கொடுப்பதற்கான அடையாளம். அந்தச் சுவர் எதனால் ஆனது, ஏன் விரிகிறது, விரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’, ‘கையில் நரம்பு புடைத்திருக்கிறது’, ‘காலில் நரம்பு சுருட்டு’ என்று நாம் சொல்லும்போது அந்த மூன்றுமே நரம்பு அல்ல, சிரை. மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுபோவதுதான் நரம்பு. அதற்குள் இரத்தம் ஓடாது. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை, இரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய வலை தந்துகி. இலங்கைப் பாடநூல்களில் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் படிப்பார்கள்.

கறிக்கடையில் ஒரு பாடம்

இரத்தக் குழாயின் சுவரைப் புரிந்துகொள்ள எந்தப் படத்தையும்விட ஆட்டு இதயம் உதவும். வாங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் குழாய்களை நறுக்கி எறிந்துவிடாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுத் தரச் சொல்லுங்கள். கழுவிப் பார்த்தால், தடித்த சுவரோடு, இலேசான மஞ்சள் கலந்த வெள்ளையில், வாய் திறந்தபடி தானாகவே நிற்கும் குழாய் ஒன்று இருக்கும். அதுதான் பெருந்தமனி. விரலை உள்ளே விட்டால் வழவழவென்று இருக்கும். பக்கத்தில் சுவர் மெலிந்து, துணிபோலத் துவண்டு ஒட்டிக் கிடப்பது பெருஞ்சிரை.

கத்தரிக்கோலால் பெருந்தமனியிலிருந்து அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டுங்கள். இரண்டு கொண்டை ஊசிகளை வளையத்துக்குள் விட்டு எதிரெதிராக இழுங்கள். முதலில் எளிதாக நீளும். இன்னும் இழுத்தால் ஓரிடத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் பலம் கொடுத்தாலும் அதிகம் நகராது. விட்டால் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். சுவரின் இயல்பு முழுவதும் இந்த ஒரு சோதனையில் இருக்கிறது. முதல் பாதியில் நீண்டு கொடுத்தது எலாஸ்டின் என்னும் புரதம். பிறகு பிடித்து நிறுத்தியது கொலாஜன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சமையலறையும் காட்டிக்கொடுக்கும். ஆட்டுக்காலை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் அதிலுள்ள கொலாஜன் கரைந்து சூப் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. பெருந்தமனி வளையத்தை அதே பானையில் போட்டால் எவ்வளவு நேரம் வெந்தாலும் ரப்பர் மாதிரியே கிடக்கும். எலாஸ்டின் வெந்நீரில் கரையாது. அதன் இழைகள் ஒன்றோடொன்று அத்தனை உறுதியாகக் குறுக்குப் பிணைப்பு போட்டுக்கொண்டிருக்கின்றன.

மூன்று அடுக்குகள்

தமனி, சிரை இரண்டின் சுவரும் மூன்று அடுக்கு. உள்ளடுக்கில் இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது எண்டோதீலியம் என்னும் ஒற்றை வரிசைச் செல்கள். ஓடு பாவியதுபோல, இரத்தம் ஓடும் திசையில் நீண்டு படுத்திருக்கும். ஒரு செல் தடிமன்தானே என்று இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இரத்தம் குழாய்க்குள் உறையாமல் ஓடுவதும், குழாய் தேவைக்கேற்ப விரிவதும் இதன் கையில்தான் இருக்கிறது. 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியை வைத்துச் செய்த சோதனையில் இது வெளிப்பட்டது. அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் தமனி தளர வேண்டும். ஆனால் எண்டோதீலியம் உரசிப் போயிருந்த துண்டுகள் தளரவில்லை. எண்டோதீலியம் அனுப்பும் ஏதோ ஒரு பொருள்தான் தசையைத் தளர்த்துகிறது என்று தெரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்று பிறகு உறுதியாகி, 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் இதே வாயுவைக் கொடுத்துத்தான் குழாய்களைத் தளர்த்துகிறது.

நடு அடுக்குதான் தமனியின் உடம்பு. பெருந்தமனியின் மார்புப் பகுதியில் 50 முதல் 60 எலாஸ்டின் தகடுகள், வெங்காயத்தின் உரிகள்போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். தகடுகளுக்கு இடையே மென்தசைச் செல்களும் கொலாஜன் இழைகளும் நிரவியிருக்கும். இதயத்தைவிட்டுத் தள்ளிப் போகப் போகத் தகடுகள் குறைந்து தசை கூடும். கைக்கும் காலுக்கும் போகும் தமனிகளில் எலாஸ்டின் பெரும்பாலும் நடு அடுக்கின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் ஒவ்வொரு தகடாக ஒதுங்கிவிடும். நடுவே முழுக்கத் தசை. அதனால்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் இளைஞர் ஒருவரின் பெருந்தமனி விட்டத்தில் 10 சதவீதம் வரை விரிகிறது. கைத்தமனி 2, 3 சதவீதம் விரிந்தால் பெரிது.

வெளியடுக்கு கொலாஜனால் ஆன உறை. பக்கத்து உறுப்புகளோடு குழாயைப் பிடித்து வைக்கும். பெரிய குழாய்களின் தடித்த சுவருக்கே இரத்தம் வேண்டுமே! உள்பக்கத்துச் செல்கள் குழாயில் ஓடும் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளிப்பக்கத்துக்கு அது எட்டாது. எனவே குழாயின் சுவருக்குள்ளேயே ஓடும் குட்டிக் குழாய்கள் வெளியடுக்கில் இருக்கின்றன.

பாவாடை நாடாவுக்குப் பதில் வந்த எலாஸ்டிக்

எலாஸ்டின், கொலாஜன் கூட்டணியைப் புரிந்துகொள்ள உள்ளாடையில் தைக்கும் எலாஸ்டிக் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரப்பர் இழைகள், சுற்றிலும் பின்னிய நூல். இழுக்காமல் இருக்கும்போது நூல் சுருக்கம் சுருக்கமாகக் கிடக்கிறது. இழுத்தால் முதலில் ரப்பர் மட்டும் நீள்கிறது. நூலின் சுருக்கம் முழுவதும் விரிந்ததும் பட்டை அங்கேயே நின்றுவிடுகிறது. தமனிச் சுவரிலும் கொலாஜன் இழைகள் அலையலையாகத் தளர்ந்தே கிடக்கின்றன. சாதாரண அழுத்தத்தில் எலாஸ்டின் பெரும் சுமையைத் தாங்குகிறது. அழுத்தம் ஏறும்போது கொலாஜன் இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து சுமையில் பங்கேற்கின்றன. கொலாஜன், எலாஸ்டினைவிடப் பல நூறு மடங்கு விறைப்பானது.

கொலாஜன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் திருவிழாவில் விற்கும் நீளப் பலூன் காட்டும். ஊத ஊத முழு நீளமும் சமமாக விரியாது. ஓரிடத்தில் மட்டும் குபுக்கென்று உப்பும். உப்பிய இடத்தில் சுவர் மெலிந்து இன்னும் எளிதாக உப்பும். தமனி அப்படி உப்பாததற்குக் காரணம், விரிந்த இடம் உடனே விறைத்துக்கொள்வது. விறைப்பு இங்கே ஒரு காவல்.

எலாஸ்டினில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. உடல் அதைக் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் பெரும்பாலும் உற்பத்தி செய்கிறது. வளர்ந்த பிறகு சேதமான தகட்டுக்குப் பதில் நல்ல தகடு போடுவது ஏறக்குறைய இல்லை. இருக்கும் எலாஸ்டினில் பாதி சிதைவதற்கு 70 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் உடலின் புரதங்களில் இவ்வளவு நாள் நீடிப்பவை மிகச் சில. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஆண்டுக்கு 3.7 கோடி, 27 வயதுக்குள் 100 கோடி முறை அந்தத் தகடுகள் விரிந்து சுருங்கியிருக்கும்.

துடிப்பைச் சேமித்து வைக்கும் குழாய்

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? விறைப்பான ஒரு பைப்பைப் பொருத்தியிருந்தால் போதாதா? எண்களைப் பார்த்தால் விடை தெரியும்.

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு சுற்று 0.8 வினாடி. அதில் இரத்தம் வெளியேறுவது முதல் 0.3 வினாடி மட்டும். மீதி அரை வினாடியில் பெருந்தமனியின் வால்வு மூடியிருக்கும். இதயத்திலிருந்து ஒரு சொட்டும் வராது. ஆனால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த அரை வினாடியிலும் இரத்தம் வேண்டும். ஒரு துடிப்பில் வெளியேறுவது 70 மி.லி. அதை 0.8 வினாடிக்கும் சமமாகப் பங்கிட்டால், முதல் 0.3 வினாடியில் நுண்குழாய்களுக்குள் போய்ச் சேர வேண்டியது சுமார் 26 மி.லி. மீதி 40 மி.லி.க்கு மேல் எங்கே நிற்கும்? விரிந்த பெருந்தமனியிலும் அதன் பெரிய கிளைகளிலும்தான். வால்வு மூடியதும் எலாஸ்டின் தகடுகள் சுருங்கி அந்தச் சேமிப்பை முன்னே தள்ளுகின்றன. சுருக்கமாகச் சொன்னால், இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் பெருந்தமனி இரண்டாவது பம்பாக வேலை செய்கிறது.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதை மிக முன்பே ஊகித்தார். 1733-இல் வெளியிட்ட நூலில், பெண் குதிரை ஒன்றின் தமனியில் பித்தளைக் குழாயையும் அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயையும் பொருத்தி, இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயர ஏறியதைப் பதிவு செய்திருக்கிறார். இரத்த அழுத்தத்தை மனிதர் அளந்த முதல் முறை அது. தமனியின் மீள்தன்மையை அவர் அக்காலத் தீயணைப்பு எந்திரத்தோடு ஒப்பிட்டார். அந்தப் பம்பில் காற்று அடைத்த ஒரு கூடம் இருக்கும். விட்டு விட்டு அடிக்கும் தண்ணீர், அந்தக் காற்றை அமுக்கி, அது திரும்ப விரிவதால் ஒரே சீராகப் பீய்ச்சும். 1899-இல் ஜெர்மானிய உடலியலாளர் ஓட்டோ ஃபிராங்க் இதைக் கணிதமாக்கினார். காற்றுக் கூடத்தைக் குறிக்கும் ‘விண்ட்கெஸல்’ என்ற ஜெர்மன் சொல்லைத்தான் மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது இதயத்தின் சொந்தத் தேவை. இடது கீழறைத் தசை சுருங்கும்போது தனக்குள் ஓடும் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. ஆகவே அது தனக்கான இரத்தத்தில் பெரும்பகுதியை ஓய்வு நேரத்தில்தான் பெறுகிறது. ஓய்வு நேரத்தில் அழுத்தம் கொடுப்பது யார்? பெருந்தமனியின் சுவர். சுவர் விறைத்தால் இதயத்துக்குத் தள்ளும் வேலை கூடுகிறது. அதே சமயம் அதற்குக் கிடைக்கும் இரத்தம் குறைகிறது.

நுண்தமனியும் தந்துகியும்

தமனி கிளை பிரிந்து, தந்துகியைத் தொடுவதற்கு முன் மெலிந்து முடியும் பகுதி நுண்தமனி. இதில் எலாஸ்டினுக்கு அதிக வேலை இல்லை. இங்கே தசையின் ஆட்சி. ஓட்டத்துக்கான தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. தசை சற்றே இறுகினாலும் எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் என்பது மாறிவிடும். சாப்பிட்டதும் குடலுக்கு, ஓடினால் காலுக்கு என்று திருப்பிவிடும் மடைகள் இவை.

தந்துகி இதற்கு நேரெதிர். சுவரில் எண்டோதீலியமும் அதன் அடித்தளச் சவ்வும் மட்டும். தசையோ எலாஸ்டின் தகடோ கிடையாது. விட்டம் 5 முதல் 10 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சிவப்பணு 7, 8 மைக்ரான் என்பதால் பல இடங்களில் மடங்கி நெளிந்து ஒவ்வொன்றாகத்தான் நுழைய வேண்டும். இத்தனை மெல்லிய சுவர் எப்படி வெடிக்காமல் இருக்கிறது? லப்லாஸ் விதி சொல்வது எளிது: சுவரின் இழுவிசை, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினால் கிடைக்கும். பெருந்தமனியின் ஆரம் 12.5 மி.மீ., தந்துகியின் ஆரம் 4 மைக்ரான். அழுத்தமும் நாலில் ஒரு பங்குதான். பெருக்கிப் பார்த்தால், தந்துகிச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை பெருந்தமனியினுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சின்னதாக இருப்பதே அதற்குப் பலம்.

சிரை: இழுக்கும் முன்பே இடம் கொடுக்கும் குழாய்

உடலின் இரத்தத்தில் 60 முதல் 70 சதவீதம் எந்த நேரத்திலும் சிரைகளில்தான் இருக்கிறது. ஒரு சராசரிச் சிரையின் விட்டம் 5 மி.மீ. என்றால் சுவர் அரை மி.மீ.; 4 மி.மீ. தமனிக்கோ சுவர் 1 மி.மீ. காலியாக இருக்கும்போது சிரை தட்டையாகப் படுத்திருக்கும். இரத்தம் வர வர முதலில் வடிவம் மாறி உருண்டையாகும். அதற்குச் சுவர் நீளவே தேவையில்லை. அதனால் அழுத்தம் அதிகம் ஏறாமலே நிறைய இரத்தத்துக்கு இடம் கொடுக்க முடிகிறது. முழு உருண்டையான பிறகுதான் கொலாஜன் பிடித்துக்கொள்ளும்.

சிரையின் தனிச்சொத்து வால்வு. வில்லியம் ஹார்வி 1628-இல் இரத்த ஓட்டத்தை நிறுவியபோது காட்டிய சோதனையை நீங்களே செய்யலாம். கையைத் தொங்கவிட்டுப் புறங்கையிலோ முன்கையிலோ நன்றாகப் புடைத்த ஒரு சிரையைத் தேர்ந்தெடுங்கள். விரல் நுனிப் பக்கம் ஓரிடத்தில் ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கிச் சிரையை வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். சிரை ஒரு முடிச்சு வரை மட்டும் நிறைந்து, அதற்குக் கீழே காலியாகவே கிடக்கும். அந்த முடிச்சுதான் வால்வு. மேலிருந்து இரத்தத்தைத் திரும்பி வரவிடவில்லை. கீழே அழுத்திய விரலை எடுத்தால் கண்ணிமைப்பதற்குள் நிறைந்துவிடும்.

அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் 80, 90 மி.மீ. பாதரசம் வரை போகும். நடந்தால் கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து மேலே தள்ளுவதால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். மணிக்கணக்கில் நின்றபடியே இருந்தால் சிரை விரிந்து, வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் போகும். மேலுள்ள இரத்தம் கீழே ஒழுகி அடுத்த வால்வையும் கெடுக்கும். இதுவே நரம்பு சுருட்டு. ஜவுளிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்வதன் விலை இதுதான். 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றாக்கியதற்குப் பின்னால் உடலியல் ரீதியான நியாயம் இருக்கிறது. இருக்கை கிடைக்காத நேரத்தில் நின்ற இடத்திலேயே குதிகாலை ஏற்றி இறக்குவதும் பலன் தரும்.

வயதாகும்போது

நைந்துபோன எலாஸ்டிக் பட்டை எப்படி இருக்கும்? உள்ளே ரப்பர் இழைகள் அறுந்துவிடும். பட்டை அகன்று தொளதொளத்துவிடும். ஆனால் இழுத்தால் நீளாது, ஏனென்றால் நூலின் சுருக்கம் ஏற்கெனவே விரிந்து போய்விட்டது. முதியவரின் பெருந்தமனியும் அப்படியே. எலாஸ்டின் தகடுகள் ஆங்காங்கே முறிந்து, விட்டம் கூடியிருக்கும், விறைப்பும் கூடியிருக்கும். அலையின் வேகம் வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டிவிடலாம். கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இதை அளக்கிறார்கள். 10 மீட்டருக்கு மேல் என்றால் பெருந்தமனி விறைத்துவிட்டது என்று கொள்வது வழக்கம்.

வீட்டில் பி.பி. மிஷின் காட்டும் எண்களிலும் இது தெரியும். 120/80 என்றால் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 40. வயதான ஒருவருக்கு 160/70 என்று வந்தால் வித்தியாசம் 90. கீழ் அளவோடு வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால் ஏறக்குறைய சராசரி அழுத்தம் வரும்: முன்னவருக்கு 93, பின்னவருக்கு 100. சராசரி அதிகம் மாறவில்லை. மாறியது சுவர். விரிந்து சேமிக்க முடியாததால் உச்சம் ஏறுகிறது. சேமிப்பு இல்லாததால் ஓய்வில் அழுத்தம் இறங்குகிறது. ‘கீழ் அளவு நார்மல்தானே, மேல் அளவு வயசுக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. இந்த வகைக் கொதிப்பும் பக்கவாதத்தையும் இதயச் செயலிழப்பையும் கொண்டுவரும்.

விறைப்பால் இன்னொரு தொல்லையும் உண்டு. படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கீழ்ச்சிரைகளுக்கு இறங்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை வைத்தே அழுத்தத்தை உணர்கின்றன. சுவர் விறைத்திருந்தால் அந்த உணர்வு மழுங்கிவிடும். எழுந்ததும் தலை சுற்றும். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் உட்கார்ந்து அளந்த பிறகு, நின்று 3 நிமிடத்துக்குள் இன்னொரு முறை அளக்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அளக்கும்போது 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்திருங்கள். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

கெடுவது எந்த அடுக்கில்?

நோய்களை அடுக்கு வாரியாகப் பிரித்தால் குழப்பம் குறையும். கொழுப்புப் படிவு உள்ளடுக்கின் நோய். அது எண்டோதீலியத்துக்கு அடியில், சுவருக்குள் வளர்வது. தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதுபோல உள்பக்கம் ஒட்டிக் கிடப்பது அல்ல. ஆகவே இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு குடித்தால் அடைப்பு கழுவிப் போகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்முறைகளை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை நோயும் நாள்பட்ட சிறுநீரக நோயும் நடு அடுக்கைத் தாக்கும். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, கொலாஜன் இழைகளைத் தானாகவே குறுக்குப் பிணைப்புப் போட்டு இறுக்கிவிடும். மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையில் ஹீமோகுளோபினில் பார்க்கும் அதே ஒட்டல்தான் இங்கேயும். நடு அடுக்கில் சுண்ணாம்பும் படியும். அப்படிப் படிந்த கால்தமனியைப் பி.பி. பட்டையால் அமுக்கவே முடியாது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்கும் சோதனையில் 1.4-க்கு மேல் வந்தால் ‘இரத்த ஓட்டம் பிரமாதம்’ என்று பொருள் இல்லை. குழாய் கல்லாகிவிட்டது என்று பொருள். அப்போது கால் விரலில் அளக்க வேண்டும்.

வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியில் எலாஸ்டின் அழிந்தால் அது பலூனாக வீங்கும். இயல்பு 2 செ.மீ.; 3 செ.மீ. தொட்டால் வீக்கம், ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆனால் அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவெடுப்பார்கள். ஆரம் கூடினால் இழுவிசை கூடும், இழுவிசை கூடினால் ஆரம் கூடும் என்பதால் பெரிய வீக்கம் வேகமாக வளரும். புகைபிடித்தல் இதன் முதன்மைக் காரணங்களில் ஒன்று. உள்ளடுக்கு கிழிந்து இரத்தம் நடு அடுக்கின் தகடுகளுக்கு இடையே பிளந்துகொண்டு ஓடுவது வேறொரு ஆபத்து. நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பதுபோன்ற கடும் வலி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முறிந்த எலாஸ்டினை மீட்டுத் தரும் மருந்து கிடையாது. ஆனால் அழுத்தத்தைக் குறைத்தாலே சுவர் இளகும். பட்டையை அந்தக் கடைசி இழுப்பிலிருந்து சற்று தளர்த்தினால் கொலாஜன் மறுபடி அலையாகி, மிச்சமுள்ள எலாஸ்டின் வேலைக்கு வரும். கொதிப்பு மாத்திரை செய்யும் நன்மையில் இதுவும் ஒன்று. உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வைப்பதும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பதும், புகையை விடுவதும் எண்டோதீலியத்தையும் தசையையும் தளர்வாக வைத்திருக்கும்.

சிரையைத் தமனியாக்கும்போது

சுவரின் அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதை அறுவை சிகிச்சை அரங்கில் பார்க்கலாம். பைபாஸில் காலிலிருந்து எடுத்த சிரையை இதயத்தில் தைத்தால் அது திடீரென்று தமனி அழுத்தத்தைச் சுமக்க நேரிடுகிறது. உள்ளடுக்கு தடித்து, பத்து ஆண்டில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைபடுகின்றன. மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தமனியை எடுத்துத் தைத்தால் பெரும்பாலானவை பத்து ஆண்டு தாண்டியும் திறந்தே இருக்கின்றன. அதன் சுவரில் எலாஸ்டின் தகடுகள் நிறைய.

அதே மாற்றத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதுதான் டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் செய்யும் ஃபிஸ்துலா. 1966-இல் வெளியான முறை: மணிக்கட்டில் நாடி பார்க்கும் அதே தமனியைப் பக்கத்துச் சிரையோடு தைத்துவிடுவார்கள். தமனியின் அழுத்தம் பட்டுச் சிரை விரிந்து சுவர் தடிக்கும். ஏறத்தாழ 6 வாரத்தில் 6 மி.மீ. விட்டம், நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம் வந்தால் ஊசி குத்தத் தயார். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வளையலோ கடிகாரமோ கூடாது, தலைக்கு அடியில் வைத்துத் தூங்கக் கூடாது. காலையில் எழுந்ததும் தையல் போட்ட இடத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே நாடிபோல விட்டு விட்டு அடிக்காது; வண்டு ரீங்கரிப்பதுபோல இடைவிடாமல் அதிரும். அந்த அதிர்வு நின்றிருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கிறது. அன்றைக்கே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போய்விட வேண்டும்.